எந்தத் தொட்டி என்று நான் கேட்கவில்லை

"சார், பையைக் குறைக்கிறதுக்கு முன்னாடி தொட்டியை ஒருதடவை பாருங்க."

இரவு ஷிப்ட் ஆபரேட்டர் சொன்னது இவ்வளவுதான். நான் சொன்ன பதில்: "பை கணக்கை நான் பார்த்துக்கிறேன். நீங்க மிஷினைப் பாருங்க." என்னைவிட இருபது வயது மூத்தவர். எப்போதும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு அதுகூட என் வாயில் வரவில்லை. ஐந்து வருடம் ஆகிறது. இப்போதும் எங்காவது சென்ட்ரிஃபியூஜ், அதாவது கசடைச் சுழற்றித் தண்ணீரைப் பிரிக்கும் மிஷின், ஓடும் சத்தம் கேட்டால் அந்தப் பேச்சு நினைவுக்கு வந்துவிடுகிறது.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலையில் நாளைக்கு 3 பை பாலி போய்க்கொண்டிருந்தது. பாலி என்றால் பாலிமர், கசடைத் திரள வைக்கிற மருந்து. 75 கிலோ. வெளியேற வேண்டிய உலர் கசடு சுமார் 9 டன். டன்னுக்கு 8 கிலோவுக்கு மேல் ஆகிறது. 5, 6 கிலோவில் ஓடுகிற ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன். 2 பை போதும் என்று தோன்றியது. மாதத்துக்கு 30 பை மிச்சம். ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் மேலிருந்து வந்த கேள்வியும் இதுவேதான். ஆக, கணக்குப் போட்டுத்தான் குறைக்கச் சொன்னேன். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

பாலி குறைந்தால் கேக், அதாவது மிஷினிலிருந்து தண்ணீர் வடிந்து விழும் கெட்டிக் கசடு, தளர்ந்துவிடும் என்றுதான் பயந்தேன். தளரவில்லை. கையில் எடுத்துப் பிசைந்தால் அதே பதம். அதோடு லோடும் குறைந்தது. நாளைக்கு 5 டிப்பர் போன இடத்தில் 4 போனது. பாலியும் மிச்சம், வண்டி வாடகையும் மிச்சம். மாத அறிக்கையில் இரண்டையும் தனித்தனி வரியாகக் காட்டினேன். பாராட்டி மெயில் வந்தது.

வண்டி ஏன் குறைந்தது என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். உள்ளே வரும் கழிவுநீர் குறையவில்லை. அப்படியிருக்கக் கசடு மட்டும் எப்படிக் குறையும்? பாலி போதாததால் பொடிக் கசடு ஒன்றோடொன்று ஒட்டாமல் சென்ட்ரேட்டோடு, அதாவது மிஷின் பிரித்துவிடும் தண்ணீரோடு, கறுப்பாக வெளியேறியது. சென்ட்ரேட் எங்கே போகும்? திரும்ப ஆலையின் தலைவாசலுக்கே. கனமான கசடு மட்டும் கேக்காக விழுந்ததால்தான் கேக் அவ்வளவு நன்றாக இருந்தது. ஐந்தில் ஒரு லோடு என்றால் நாளைக்கு 1.8 டன் உலர் கசடு. அது வெளியே போகாமல் ஆலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. காற்று ஊதும் ஏரேஷன் தொட்டியில் எம்.எல்.எஸ்.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் கசடு என்ற அளவு, 3500-லிருந்து ஏறி 5000-ஐத் தாண்டியது. அத்தனை கசடில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் காற்று வேண்டுமே, காற்று ஊதும் புளோயரும் கூடுதலாக ஓடியது. ஆனால் கரண்ட் பில் வேறு தலைப்பில் வரும். என் 'கசடுச் செலவு' பக்கத்தில் அது இல்லை.

எம்.எல்.எஸ்.எஸ். ஏறுவதை லேப் ரிப்போர்ட்டில் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். சாம்பிள் எடுத்த இடம் சரியில்லை போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் முதல் பெருமழை. சாக்கடையோடு மழைத்தண்ணீரும் சேர்ந்து வந்த அந்த இரவில், கசடு அடியில் படிகிற கிளாரிஃபையர் தொட்டியில் தேங்கிக் கிடந்ததெல்லாம் மொத்தமாக மேலெழும்பி வெளியே போனது. காலையில் அவுட்லெட் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அன்றைக்கு ஷிப்ட் அவருடையது.

மெமோவும் அவருக்குத்தான் போனது. 'கண்காணிப்பில் கவனக்குறைவு.' அதை எழுதியது நான் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பியது நான். "சும்மா பேருக்குத்தான் அண்ணே, சம்பளத்துல கைவைக்க மாட்டாங்க" என்றேன். "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டார். முகத்தில் கோபம் இருந்ததா என்று எத்தனையோ முறை நினைவுபடுத்திப் பார்த்துவிட்டேன். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. சம்பளத்தில் யாரும் கைவைக்கவில்லை, உண்மைதான். ஆனால் அடுத்த ஒப்பந்தம் போட்டபோது பட்டியலில் அவர் பெயர் இல்லை. மெமோ காரணமா, வயது காரணமா? நான் விசாரிக்கவில்லை.

அதற்கு முன்பே, மெமோ போன பத்தாவது நாள், விஷயம் தெரிந்துவிட்டது. பாலி சப்ளை செய்கிறவர்களின் ஆள் வந்து ஒரு சோதனை செய்தார். எங்கள் சர்வீஸ் தண்ணீரில் (ஆலை உபயோகத்துக்கு எடுக்கும் சுத்திகரித்த தண்ணீர்) கரைத்த பாலி ஒன்று, குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரில் கரைத்தது ஒன்று. கேன் தண்ணீர்ப் பாலியில் கசடு பெரிது பெரிதாகத் திரண்டு தெளிந்த தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. எங்களுடையதில் கலங்கலாகவே கிடந்தது. சர்வீஸ் லைன், குளோரின் தொட்டியைத் தாண்டிய இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. குளோரின் பாலியின் நீளமான இழைகளை அறுத்துவிடும். பையில் இருக்கும்போது நல்ல சரக்கு, தொட்டியில் கரைத்ததும் பாதி வீண். இத்தனை காலம் 3 பை தேவைப்பட்டதே அதனால்தான். லைனைக் குளோரினுக்கு முன்னால் மாற்றினோம். கரைத்தவுடன் பம்ப் போடாமல் முக்கால் மணி நேரம் ஊறவிட்டோம். மிஷினுக்குப் போகும் முன் கசடைக் கெட்டியாக்கும் தொட்டியான திக்கனரையும் சரி செய்தோம். 1 சதவீதத் திடப்பொருளோடு வந்த கசடு 3 சதவீதத்துக்கு வந்தது. நாளைக்கு 900 கனமீட்டர் ஓட்ட வேண்டிய மிஷினுக்கு 300 போதும் என்றானது. இன்றைக்கு அங்கே போவது 2 பைதான்.

ஆக, என் எண் சரி. நான் பையைக் குறைக்காமல் இருந்திருந்தால் யாரும் அந்தத் தண்ணீரைச் சோதித்திருக்க மாட்டார்கள், இன்னும் 3 பை கொட்டிக்கொண்டிருப்போம். இப்படி நினைத்தால் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கிறது. அப்புறம் அவர் சொன்ன 'தொட்டி' வந்துவிடும். அவர் சொன்னது பாலி கரைக்கிற தொட்டியையா, திக்கனரையா? திக்கனர் என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன், அது சிவில் வேலை, செலவு, இப்போது ஆகாது என்று மனதுக்குள் தள்ளிவிட்டேன். தினமும் பாலி கரைத்தவர் அவர். அது சரியாகத் திரள்வதில்லை என்று கைக்குத் தெரிந்திருக்கும். குளோரின் என்று பெயர் சொல்லத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஒருவேளை அவருக்கும் ஒன்றும் தெரியாமல் பொதுவாகச் சொல்லியிருக்கலாம். "எந்தத் தொட்டி அண்ணே?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இந்த அனுபவத்தைச் சொல்கிறேன். கேக்கை மட்டும் பார்க்காதீர்கள், சென்ட்ரேட்டைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள் என்கிறேன். குளோரின் கதையையும் சொல்கிறேன். மெமோவைப் பற்றி இதுவரை சொன்னதில்லை.

போன மாதம் ஆடிட்டுக்காக அந்த வருடத்து லாக் புக்கை எடுத்தேன். அவருடைய கையெழுத்து சின்னதாக, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். 'பாலி 2 பை, சார் சொன்னபடி. சென்ட்ரேட் கறுப்பு.' அடுத்த இரவும் அதே வரி. பதினேழு இரவுகள் அப்படி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், பார்த்ததற்கு அடையாளமாக, என் கையெழுத்து இருக்கிறது.