சத்தகுட் கப்பலில் 30 மீட்டர்: இதுவரை கற்றுக்கொண்டது

தாய்லாந்து வளைகுடாவில், கோ தாவ் தீவை ஒட்டிய கடலடி மணலில் நிமிர்ந்து நிற்கிறது எச்.டி.எம்.எஸ். சத்தகுட் (முன்னெழுத்துகள் தாய்லாந்துக் கடற்படைக் கப்பல் என்பதைக் குறிப்பவை). தானாக மூழ்கியதல்ல, 2011 ஜூனில் மூழ்கடிக்கப்பட்டது. நீளம் 48 மீட்டர், அகலம் 7 மீட்டர். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்கா நூற்றுக்கணக்கில் கட்டித் தள்ளிய படை இறக்கும் கப்பல்களில் ஒன்று. ஏறத்தாழ 200 சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போய்க் கரையோரம் முட்டி நின்று இறக்கிவிடும் ரகம். போர் முடிந்த பிறகு தாய்லாந்துக் கடற்படைக்குப் போனது, அங்கே உழைத்து ஓய்வு பெற்றது, இப்போது மீன்களுக்குக் குடியிருப்பு. மேலே உள்ள பிரிட்ஜ் அறையின், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையின் உச்சி சுமார் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மணல் 30 மீட்டரில்.

அந்த 18-உம் 30-உம்தான் என் தலைவலியே. ஓப்பன் வாட்டர் என்ற ஸ்கூபா டைவிங் அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்கு 18 மீட்டர்தான் எல்லை. அதாவது நம் அனுமதி எங்கே முடிகிறதோ, கப்பல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தால் 30 வரை போகலாம். அதற்கும் மேலே தனிப் பயிற்சி எடுத்தால் 40, பொழுதுபோக்கு டைவிங்குக்கு அத்தோடு சரி. நான் அட்வான்ஸ்டில் சேர்ந்ததே இந்தக் கப்பலுக்காகத்தான். அதில் ஆழ டைவும் திசையறிதலும் கட்டாயம், மற்றவை நம் விருப்பம். விருப்பத்தில் முதலாவதாகக் கப்பலை எழுதிக் கொடுத்தேன்.

இறங்குவது மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான். மேலிருந்து பார்த்தால் கப்பல் தெரியாது, பச்சைத் தண்ணீர்தான் தெரியும். கொஞ்ச தூரம் இறங்கியதும் கீழே ஓர் இடத்தில் மட்டும் பச்சை கருக்கிறது. அப்புறம் அந்தக் கருப்புக்கு ஓரங்கள் முளைக்கின்றன, ஒரு நேர்கோடு, ஒரு மூலை. கடலுக்குள் இயற்கையாக நேர்கோடு கிடையாது என்பதால் கண் சட்டென்று அதைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் பிரிட்ஜின் மேல் நின்றே முன்பக்கத்துப் பீரங்கியைப் பார்த்துவிடலாம். கலங்கிய நாளில் ஜோடி டைவரின் காலில் மாட்டிய துடுப்பின் நுனியைத் தவறவிட்டால் போதும், தேட வேண்டியதுதான்.

ஆரம்பத்தில் நான் அதிகம் பார்த்தது கப்பலை அல்ல, காற்று மீட்டரை. கணக்கைச் சொல்கிறேன், சுவாரசியமானது. வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2200 லிட்டர் காற்று. 50 பாரைத் தொடக் கூடாது, அது மேலே வந்து சேர்வதற்கான கையிருப்பு. மிச்சம் 1650 லிட்டர். கரையில் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு என்பதால் அதே மூச்சுக்கு 80 லிட்டர் செலவாகும். 1650-ஐ 80-ஆல் வகுத்தால் இருபது நிமிடம், அதற்குமேல் சொற்பம்.

வேடிக்கை என்னவென்றால், பயிற்சிக் கூடங்களில் மாட்டியிருக்கும் டைவ் அட்டவணையும் 30 மீட்டருக்கு 20 நிமிடம்தான் தருகிறது. அது காற்றுக்கான எல்லை அல்ல, நைட்ரஜனுக்கானது. அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. இந்த எல்லைக்குள் இருந்தால் வழியில் கட்டாய நிறுத்தங்கள் இல்லாமல் ஏறிவரலாம். தாண்டினால் அது வேறு ஆட்டம், அதற்கு வேறு பயிற்சி. ஆக, சுமாராக மூச்சு விடுபவருக்குக் காற்றும் நேரமும் ஒன்றாகவே தீரும். என்னைப் போலப் பதற்றத்தில் மூச்சு வாங்குபவருக்குக் காற்று முந்திக்கொள்ளும். குழு மொத்தமும் எனக்காகத் திரும்ப வேண்டிவரும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கயிற்றில் தொங்கியபடி அவர்கள் கீழே கப்பலைப் பார்க்கும் பார்வையே போதும்.

காற்றுச் செலவைக் குறைக்க எதையெதையோ படித்தேன். மூச்சை அடக்கி மிச்சம் பிடிப்பது என்ற யோசனை மட்டும் யாருக்கும் வரவே கூடாது. அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் நுரையீரல் கிழியும். ஸ்கூபாவின் முதல் விதியே அதுதான். உண்மையில் உதவியது மிகச் சாதாரணமான விஷயம்: இடுப்பு எடையைக் குறைத்தது. எடை கூடினால் பி.சி.டி. என்ற மிதப்புச் சட்டையில் காற்று கூடுதலாக ஏற்ற வேண்டும். கால் தாழும், உடல் சாய்வாக நிற்கும், சாய்ந்த உடலை முன்னே தள்ளக் காலை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு உதைக்கும் ஒரு மூச்சு. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டு வந்ததில் உடல் கிடைமட்டமாகப் படுத்தது. மூச்சு இழுத்தால் ஒரு சாண் ஏறி, விட்டால் ஒரு சாண் இறங்கும் நிலை வந்தது. கையை மார்போடு கட்டிக்கொண்டேன், ஏனென்றால் கை சும்மா இருக்காது, எதையாவது துழாவும்.

உதைக்கும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. நீச்சல் குளத்தில் பழகிய மேலும் கீழுமான உதை கப்பலில் ஆகாது. மணலும் துருத்தூளும் கிளம்பிப் பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். தவளை போல முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் தள்ளி, தள்ளிய வேகத்தில் சறுக்கிப் போக வேண்டும். வேகம் வராது, வரவும் வேண்டாம். பின்னோக்கிப் போகும் உதை மட்டும் இன்னும் பிடிபடவில்லை. முயற்சி செய்தால் நின்ற இடத்திலேயே சுற்றுகிறேன்.

இதெல்லாம் ஓரளவு சேர்ந்து வந்த பிறகுதான் கப்பல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது என்று சொல்வேன். அதுவரை பார்த்தது பெரிய இரும்பு, மீன் கூட்டம், அவ்வளவுதான். பக்கச்சுவர் ஓரமாக, தொடாமல், ஒரு முழத் தூரத்தில் அசையாமல் நின்று பார்த்தால் இரும்பே எங்கும் இல்லை. கொட்டலசும் சிப்பியும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கின்றன, அவற்றின் மேல் கடல்பஞ்சு, இடுக்கில் முள் நீண்ட கடல் முள்ளெலி. ஒரு குழாயின் திறந்த வாயில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. என் மூச்சுக் குமிழி கிளம்பினால் உள்ளே போகும், அடங்கினால் வெளியே வரும். மூச்சை எவ்வளவு மெதுவாக விடுகிறேன் என்பதை அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் போலிருந்தது. பழுப்பாகத் துருப் பிடித்ததாகத் தெரிந்த ஒரு பட்டையில் டார்ச் அடித்தேன், செக்கச்செவேல் என்றிருந்தது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். அந்த ஆழத்தில் விளக்கு இல்லாமல் சிவப்பு என்ற நிறமே கிடையாது. ஆகவே பட்டப்பகலில் இறங்கினாலும் டார்ச் வேண்டும்.

பெரியவர்களும் இருக்கிறார்கள். கப்பலின் நிழலில் களவா மீன்கள் அசையாமல் நிற்கும், வழிவிடும் எண்ணமே இல்லாமல். மேலே சீலா மீன் கூட்டம் சுற்றும். மணலில் சில சமயம் பெரிய திருக்கை ஒன்று கண் மட்டும் தெரியப் புதைந்து கிடக்கும். முள்ளில் விஷம் உள்ள தேள்மீன் இருக்கும் இடத்தை யாராவது காட்டினால்தான் தெரியும். கப்பலில் எதையும் பிடிக்காதே என்பதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

ஆழத்தின் போதை பற்றி நிறையக் கேட்டிருந்தேன். அழுத்தத்தில் நைட்ரஜன் மூளையை மந்தமாக்கும். 30 மீட்டரை நெருங்கும்போது சிலருக்கு அது தெரிய ஆரம்பிக்கும். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. மீட்டரைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் கழித்து எவ்வளவு என்று மறுபடி பார்த்தேன், அவ்வளவுதான். பயிற்சியாளர் மூன்று விரல் காட்டினால் நான் நான்கு காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. காட்டினேன், ஆனால் காட்டுவதற்கு முன் யோசித்தேன். படகில் அதே விளையாட்டுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. சில நாட்களில் அடியில் குளிர்ந்த, கலங்கிய நீரடுக்கு ஒன்று படர்ந்திருக்கும். அதற்குள் தலை நுழைந்ததும் இந்த மந்தம் இன்னும் கொஞ்சம் கூடுகிறதாகத் தோன்றுகிறது.

கப்பலுக்குள் போவதுதான் எல்லாருக்கும் ஆசை. பிரிட்ஜ் அறையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரலாம், வெளிச்சம் எப்போதும் கண்ணில் இருக்கும். அது வரைக்கும் சரி. அதைத் தாண்டிக் கீழ்த்தளம் என்றால் தலைக்கு மேல் கூரை, நேராக மேலே வர வழியில்லை. அங்கே விதிகள் வேறு: காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, ஒரு பங்கு அவசரத்துக்கு. வாசலில் கட்டிய கயிறு கையில் இருக்க வேண்டும், விளக்கு ஒன்றுக்கு மேல் வேண்டும். உள்ளே தூசி கிளம்பினால் விளக்கு வெளிச்சம் வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும், வாசல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் தெரியாது. நான் எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். என்னைக் கேட்டால் இந்தக் கப்பலின் உயிரெல்லாம் வெளிப்பக்கம்தான். வெளிச்சமும் நீரோட்டமும் உள்ள இடத்தில்தானே ஒட்டி வாழ்பவை வளரும்.

மூழ்கடிப்பது லேசான வேலை என்று நினைத்திருந்தேன். எண்ணெய், கல்நார், பழைய மின்கம்பிகள், உரியும் பெயின்ட் எல்லாவற்றையும் முதலில் எடுக்க வேண்டும். டைவர்கள் சிக்காமலிருக்கக் கதவுகளைக் கழற்றி, சுவர்களில் பெரிய துளைகள் வெட்டுவார்கள். நீர் சமமாகப் புகுந்து நிமிர்ந்தபடி இறங்குவதற்கும் அந்தத் துளைகள் உதவும். அப்படியும் கப்பல் சொன்ன பேச்சைக் கேட்காது. ஃபுளோரிடாவில் ஸ்பீகல் குரோவ் என்ற 155 மீட்டர் கடற்படைக் கப்பலை 2002 மே மாதம் மூழ்கடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அது நேரத்துக்கு முன்பே கவிழ்ந்து, மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மறுபடி பாடுபட்டதில் பக்கவாட்டில் போய்ப் படுத்தது. 2005-இல் டெனிஸ் புயல் வந்து அதை நிமிர்த்தி உட்கார வைத்தது. அதே மாநிலத்தில் 1970-களில் மீன்களுக்கென்று கடலில் கொட்டிய லட்சக்கணக்கான டயர்கள் கட்டவிழ்ந்து உருண்டு, பக்கத்துப் பவளங்களையே நொறுக்கின. எதைக் கடலில் போட்டாலும் மீன்கள் வாழும் பாறைத்திட்டு போலாகிவிடும் என்று நினைப்பதற்கு அது சரியான பதில்.

கப்பல் உண்மையில் மீனைப் பெருக்குகிறதா, அல்லது சுற்றியிருக்கும் மீன்களை ஓரிடத்தில் கூட்டிக் காட்டுகிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் வெகு காலமாகச் சண்டை போடுகிறார்கள். இடத்துக்கு இடம் பதில் மாறும் போல. சத்தகுட்டின் பக்கத்திலேயே ஹின் பீ வீ என்ற இயற்கைப் பாறைத்திட்டு இருக்கிறது, ஒரே டைவில் இரண்டையும் பார்ப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் இடையே மீன்கள் போய்வருவதைப் பார்த்தால் எது யாருடைய வீடு என்று சொல்ல முடியாது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்த லாபம் வேறு: என்னைப் போலத் துடுப்பை வீசிப் பழகுபவர்கள் இடித்தால் இரும்பில் இடிக்கட்டும், நூறு வருஷப் பவளத்தில் வேண்டாம்.

இப்போதைய நிலவரம்: காற்று முந்திக்கொள்வது நின்றுவிட்டது. கரைக் கணக்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் பக்கம் வந்திருக்கிறேன் என்று டைவ் கம்ப்யூட்டர் பதிவு சொல்கிறது. அப்படியென்றால் அதே சிலிண்டர் 30 மீட்டரில் 27 நிமிடம் தாங்கும். ஆனால் நைட்ரஜன் 20-இலேயே போதும் என்கிறது. காற்று மீந்து நேரம் தீரும் இந்த இடத்தில்தான் நைட்ராக்ஸ் வருகிறது. சிலிண்டர் காற்றில் ஆக்சிஜனை 32 சதவீதமாக உயர்த்தினால் நைட்ரஜன் குறையும், அட்டவணையில் 30 மீட்டருக்கு 30 நிமிடம் கிடைக்கும். பதிலுக்கு ஆக்சிஜனே நஞ்சாகும் ஆழம் ஒன்று உண்டு, அந்தக் கலவைக்கு அது ஏறக்குறைய 34 மீட்டர். மணல் 30-இல் முடிந்துவிடுவதால் இந்தக் கப்பலுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. படிப்பு முடித்தாயிற்று, கலவையைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டு வாங்கும் பழக்கமும் வந்துவிட்டது.

அடுத்தது ரீல் கயிறு, கப்பலுக்குள் வழி தவறாமலிருக்க வாசலில் கட்டும் அதே கயிறு. இப்போதைக்குக் கரையில் மரத்துக்கு மரம் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டபடி திரும்பிவரப் பழகுகிறேன். பார்ப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அது கைவந்து, கப்பல் பயிற்சியையும் முடித்த பிறகு கீழ்த்தளத்தைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை பின்தளத்துப் பக்கம் இருக்கிறது, அங்கே இன்னும் நிதானமாகப் போய் நின்றதில்லை.