பிரேக்கிங் பேட் முடிவு: ஆள் ஆளாக ஒரு நாட்குறிப்பு

நவம்பர் 29, குன்னூர்

வேதியியல் ஆசிரியர் வால்டர் ஒயிட் (வால்ட்) போதைப்பொருள் காய்ச்சப் போகும் அமெரிக்கத் தொடர் பிரேக்கிங் பேட். அதன் 62 பாகங்களையும் முடித்தவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு. பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிடும்.

யாருக்கு என்ன ஆயிற்று என்று பேச உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் சண்டை வந்துவிடுகிறது. ஆளுக்கு ஓர் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதுதான் காரணம். ஒருவர் திரையில் கண்டதைச் சொல்கிறார், இன்னொருவர் எங்கோ படித்த பேட்டியை இழுக்கிறார், மூன்றாமவர் பின்னால் வந்த படத்தில் பார்த்ததைப் பழைய பாகத்திலேயே பார்த்ததாக நினைத்துக்கொள்கிறார். அதனால் சேர்ந்து பார்க்கும் நாங்கள் நோட்டில் நான்கு பத்தி போட்டிருக்கிறோம்: பாத்திரம், கடைசியாக வந்த பாகம், உடலைக் காட்டினார்களா, அதற்குப் பிறகு யார் வாயால் என்ன தெரிந்தது.

பேட்டிக்குப் பத்தி கிடையாது. தொடரைப் படைத்த வின்ஸ் கில்லிகன் மேல் எங்களுக்கு மரியாதை நிறையவே உண்டு. ஆனாலும் திரைக்கு வராததைக் கதையில் நடந்ததாக எழுத முடியாது. இதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மறுபடி பார்க்க வேண்டிய வரிசை: ஐந்தாம் சீசனின் 13 முதல் 16 வரை, அடுத்து வால்டின் கூட்டாளி ஜெஸ்ஸியின் கதையாக 2019இல் வந்த எல் கமினோ படம், அதன் பிறகு வால்டின் வக்கீல் சாலைப் பற்றிய கிளைத்தொடரான பெட்டர் கால் சால் ஆறாம் சீசனின் 11 முதல் 13 வரை. கடைசியில் சொன்ன மூன்றில் கறுப்பு வெள்ளையில் வருவதெல்லாம் வால்டர் ஒயிட் செத்ததற்குப் பிந்தைய காலம். இதை மனதில் வைக்காமல் பார்த்தால் யார் எதை எப்போது சொன்னார்கள் என்பது தலைகீழாகிவிடும்.

மழை இன்னும் விடவில்லை. ரோட்டில் மரம் விழுந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். பகலில் லைன் இருக்கும்போதே பதிவிறக்கி வைத்துவிடுங்கள். சில படைப்புகள் ப்ளேயைத் தட்டியதிலிருந்து 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும், ஆகவே சும்மா திறந்து பார்க்க வேண்டாம்.

நவம்பர் 30

ஹாங்க், கோமெஸ். வால்டைத் துரத்தும் போதைத் தடுப்பு அதிகாரிகள், ஹாங்க் வால்டின் சகலையும்கூட. இருவரைப் பற்றியும் சந்தேகமே இல்லை, சீக்கிரம் முடித்துவிடலாம். 13ஆம் பாகம் துப்பாக்கிச் சண்டையின் நடுவிலேயே நிற்கிறது. 2013 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பான 14ஆம் பாகத்தில் சண்டை ஓயும்போது கோமெஸ் பிணமாகக் கிடக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஹாங்கைக் கும்பல் தலைவன் ஜாக் சுடுகிறான். வால்ட் பணப் பீப்பாய்களைப் புதைத்த குழியைத் தோண்டி, பீப்பாய்களை எடுத்துக்கொண்டு, அதே குழியில் இருவரையும் போட்டு மூடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது அந்தக் குழியின் இடக்குறிப்பு எழுதிய லாட்டரிச் சீட்டு. பணத்துக்கான வழியாகக் கதைக்குள் வந்த சீட்டு, கடைசிப் பாகத்தில் வால்டின் மனைவி ஸ்கைலர் கைக்குப் போகும்போது பிணங்களுக்கான வழியாகிவிடுகிறது. அதிலுள்ள எண்கள் வடக்கு 34 பாகை 59 கலை 20 விகலை, மேற்கு 106 பாகை 36 கலை 52 விகலை. வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் பாலைவனம் வராது, தொடரைப் படமெடுத்த ஆல்புகர்க்கி ஸ்டுடியோ வரும். ‘அப்படியானால் உடல்கள் கிடைத்திருக்காது’ என்று வாதம் செய்தவர் உண்டு. அது படக்குழு வைத்த குறும்பு. அதைக் கதைக்குள் ஆதாரமாக எடுக்கக் கூடாது.

டிசம்பர் 2

லிடியா, வால்டின் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பியவள். தேயிலை ஊரில் அதிக நேரம் பிடித்த விவாதம் இதுதான் என்பதில் ஆச்சரியமில்லை.

அவள் எப்போதும் ஒரே மேசை, செவ்வாய்க்கிழமை காலை 10 மணி, கெமோமில் டீ, சோயா பால், சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் ஸ்டீவியா. இந்த மாறாத பழக்கம்தான் அவளைக் கொன்றது. ஸ்டீவியா பாக்கெட்டை அவளைத் தவிர யாரும் தொடமாட்டார்கள் என்று வால்டுக்குத் தெரியும். பாக்கெட்டுக்குள் ஸ்டீவியாவுக்குப் பதில் ரிசின், கீழே சமவெளியில் கொட்டமுத்து என்று சொல்கிற ஆமணக்கு விதையில் இருக்கும் நஞ்சு. கேமரா கோப்பைக்கு மேலே நிற்க, தூள் விழுந்து கரைகிறது.

ஃபேக்டரியில் டீ மேக்கராக இருக்கும் எங்கள் நண்பர் ஒருவர் எழுப்பிய கேள்வி: ரிசின் ஒரு புரதம், சூடு பட்டால் கெடும், கொதிக்கும் டீயில் போட்டால் வேலை செய்யுமா? நல்ல கேள்வி. ஆனால் ‘கொதிக்கும்’ என்ற சொல்லைக் கொஞ்சம் சோதித்தாக வேண்டும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கதை நடக்கும் ஆல்புகர்க்கி சுமார் 1,600 மீட்டர், அங்கேயும் ஏறக்குறைய 95தான். அந்தத் தண்ணீர் குளிர்ந்த பீங்கான் கோப்பையில் விழுந்ததும் சூடு சட்டென்று இறங்கும், பால் சேர்ந்தால் இன்னும் இறங்கும். ருசி பார்க்கும் அறையில் 100 மில்லிக்கு 2 கிராம் போட்டு 6 நிமிடம் மூடி வைத்த டீயே வாய் பொறுக்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. அடுப்பில் கொதிப்பதும் மேசையில் இருக்கும் கோப்பையும் ஒன்றல்ல. கதாசிரியர்களைக் குற்றம் சொல்ல இங்கே இடமில்லை என்பது எங்கள் தீர்ப்பு.

ஆனால் நோட்டில் எழுத இதை வைத்துக்கொள்ள முடியாது. கதைக்குள் இருப்பது இவ்வளவுதான்: கடைசியில் அவள் நோயாளியாகப் படுக்கையில் இருந்து ஜாக்கின் ஆளான டாடுக்கு போன் செய்கிறாள், வால்ட் எடுத்து உண்மையைச் சொல்கிறான். எல் கமினோவில் வரும் செய்தியில் ஹூஸ்டனைச் சேர்ந்த ஒரு பெண் கவலைக்கிடமாக இருப்பதாகவும் பிழைப்பது சந்தேகம் என்றும் சொல்கிறார்கள். செத்தாள் என்று யாரும் சொல்லவில்லை, உடலும் இல்லை. எனவே ‘சாகும் தறுவாயில்’ என்றுதான் எழுதியிருக்கிறோம். நோட்டில் ‘இறந்தார்’ என்று எழுதிவைத்த இரண்டு பேரிடம் அடித்துத் திருத்தச் சொல்லியாயிற்று.

டிசம்பர் 3

ஜாக் கும்பலின் இருப்பிடத்தில் நடந்த கொலைகள். யார் எதனால் பிழைத்தார்கள் என்பது வால்ட் செய்துகொண்டு போன எந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது, அதனால் முதலில் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

காரின் டிக்கியில் ஒரு எம்60 இயந்திரத் துப்பாக்கி. கார் ஷெட் கதவைத் தூக்கும் மோட்டார் அதை இடமும் வலமுமாக ஆட்டும், மேலும் கீழும் ஆட்டாது. கார்ச் சாவியில் உள்ள ரிமோட்டை அழுத்தினால் டிக்கி திறந்து சுடத் தொடங்கும். ஆகவே கார் வீட்டுக்குப் பக்கவாட்டில் நின்றாக வேண்டும், ஆட்களெல்லாம் ஒரே அறையில் இருந்தாக வேண்டும், வால்ட் தரையில் விழுந்தாக வேண்டும். முதல் சிக்கல், சோதனை போடும்போது சாவியைப் பிடுங்கி பில்லியர்ட்ஸ் மேசையில் வைத்துவிடுகிறார்கள். இரண்டாவது, ஜாக் அடைத்துவைத்திருக்கும் ஜெஸ்ஸி அங்கே வந்து நிற்பான் என்பது. வால்ட் அவன் மேல் பாய்ந்து அவனைத் தரையில் அழுத்திக்கொண்டு பொத்தானைத் தட்டுகிறான்.

குண்டு ஒரே மட்டத்தில் போவதால் நின்றவர்களும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் சாகிறார்கள். கென்னி மசாஜ் நாற்காலியிலேயே செத்துப்போகிறான். சுட்டு முடித்த பிறகும் அந்த நாற்காலி ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் உடல் அதில் குலுங்கிக்கொண்டே இருக்கிறது. ஜாக்குக்குக் காயம்தான், அவனை வால்ட் கையாலேயே சுடுகிறான், பேச்சை முடிக்கக்கூட விடவில்லை. டாட் ஒரு கீறல் இல்லாமல் எழுந்திருக்க, ஜெஸ்ஸி தன் கைவிலங்குச் சங்கிலியாலேயே கழுத்தை நெரிக்கிறான். வால்ட் இடுப்போரம் குண்டு பட்டு ஆய்வுக்கூடத்தில் விழுகிறான். உடலைக் காட்டிவிட்டார்கள், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

டிசம்பர் 6

இல்லை, சந்தேகத்துக்கு இடமுண்டு என்று கோத்தகிரியில் இருந்து வந்தவர்கள் சொல்கிறார்கள். கடைசிப் பாகத்தின் தொடக்கத்தில் நியூ ஹாம்ப்ஷையரில் பனி மூடிய வோல்வோ காருக்குள் வால்ட் உட்கார்ந்திருக்கிறான். ஸ்குரூ டிரைவரை வைத்துக் கிளப்பப் பார்க்கிறான், முடியவில்லை. போலீஸ் விளக்கு கண்ணாடியில் சிவப்பும் நீலமுமாக மின்னிவிட்டுப் போகிறது. வேண்டிக்கொண்டு மேலே இருக்கும் வெயில் மறைப்பானைத் தட்டுகிறான், சாவி கையில் விழுகிறது. இதற்குப் பிறகு நினைத்ததெல்லாம் பிசகில்லாமல் நடப்பதால், அவன் அந்தக் குளிரிலேயே உறைந்து செத்தான், மீதியெல்லாம் சாகும்போது கண்ட கனவு என்பது வாதம்.

தலைக்குந்தாவில் ஜனவரி மாதம் விடியற்காலை காரை எடுத்தவர்களுக்கு இந்த வாதத்தின் ஈர்ப்பு புரியும். வெறும் உறைபனிக்கே கண்ணாடி வெள்ளையாகிவிடும், ஹீட்டர் போட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும், அவசரப்பட்டு வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். அத்தனை பனியில் இருந்த பழைய வண்டி ஒரே சாவியில் கிளம்பியது அதிர்ஷ்டம்தான்.

ஆனால் நோட்டு இதை ஏற்காது. கனவென்றால் அது வால்டின் தலைக்குள் முடிந்திருக்க வேண்டும். ஜெஸ்ஸி தப்பியதை அடுத்த நிமிடத்தில் இருந்து ஒரு முழுப் படமாகவே எடுத்துவிட்டார்கள். வால்ட் செத்த செய்தி அந்தப் படத்திலேயே வருகிறது. பெட்டர் கால் சாலில் மற்றவர்கள் பேசுவதும் அவன் செத்த உலகத்தில் இருந்துதான். செத்தவன் கனவுக்குள் இத்தனை பேர் அவன் இல்லாமல் வாழ முடியாது.

டிசம்பர் 8

சாலின் காவலாள் ஹ்யூல், ஹாங்கின் மனைவி மேரி, ஸ்கைலர். இவர்களுக்கு ஏன் இவ்வளவு குறைந்த பேச்சு என்பது எனக்குப் புரியவே இல்லை. செத்தவர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், பிழைத்திருப்பவர்கள்தான் அந்தப் பாவத்தையெல்லாம் சுமக்கிறார்கள்.

ஹ்யூலை 13ஆம் பாகத்தில் ஹாங்கும் கோமெஸும் ஒரு வீட்டில் உட்கார வைத்து, வெளியே போகாதே என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இருவரும் சாகிறார்கள். அவன் அங்கே இருப்பது வேறு யாருக்குத் தெரியும் என்று தெரியாமலே தொடர் முடிந்தது. எங்கள் வக்கீல் நண்பர் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் பழைய 108ஆம் பிரிவை நினைவூட்டினார்: ஏழு வருடம் தகவலே இல்லாதவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 2013இல் இருந்து கணக்குப் போட்டால் 2020லேயே ஹ்யூலை இல்லாதவன் என்று எழுதியிருப்போம். 2022 ஆகஸ்ட் 1 அன்று வந்த பெட்டர் கால் சால் பாகத்தில் சாலின் அலுவலகத்தில் வேலை பார்த்த பிரான்செஸ்கா போனில் சொல்லிவிட்டாள், அவனைப் பிடித்து வைத்தது முறையில்லை என்று விட்டுவிட்டார்கள், நியூ ஆர்லியன்சுக்குப் போய்விட்டான் என்று. வாய்ச் சொல்தான், ஆனாலும் பொய் சொல்ல அவளுக்குக் காரணமே இல்லை. ஏற்றுக்கொண்டோம்.

ஸ்கைலருக்கு ஒப்பந்தம் கிடைத்ததும் அதே போன் பேச்சில் வருகிறது. எப்படிக் கிடைத்திருக்கும் என்பதற்கு இரண்டு துண்டு இருக்கிறது. 14ஆம் பாகத்தில் போலீஸ் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தே வால்ட் போனில் அவளைத் திட்டித் தீர்க்கிறான், எல்லாம் தான் தனியாகச் செய்தது என்று பதிவாக வேண்டும் என்பதற்காக. இரண்டாவது அந்த லாட்டரிச் சீட்டு. அந்தப் பேச்சை வெறும் கோபமாக எடுத்துக்கொண்டவர்கள் தயவுசெய்து திரும்பப் பாருங்கள். கத்திக்கொண்டிருக்கும்போதே அவன் அழுகிறான்.

மேரியை 2022 ஆகஸ்ட் 15 அன்று வந்த பெட்டர் கால் சாலின் கடைசிப் பாகத்தில் நேரிலேயே பார்க்கலாம், சாலுக்கு எதிரே உட்கார்ந்து ஹாங்கைப் பற்றிப் பேசுகிறாள். 7 வருடத்தில் வெளியே வந்துவிடும்படி பேரம் பேசி முடித்த சால், கோர்ட்டில் தானே அதைக் கெடுத்துக்கொண்டு 86 வருடம் வாங்குகிறான்.

டிசம்பர் 9

மதியத்தில் இருந்து கரண்ட் இல்லை. பதிவிறக்கியதை லேப்டாப்பில் பார்ப்பவர்கள் திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவிடுங்கள், கறுப்பு வெள்ளைப் பகுதிகளில் முகங்கள் சரியாகத் தெரியாது.

டிசம்பர் 12

ஜெஸ்ஸி. பிழைத்தான், அலாஸ்காவில் ஹெய்ன்ஸ் என்ற ஊரில் புதுப் பெயரோடு இருக்கிறான். கேட்டை உடைத்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாகப் போனதோடு விட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அடைத்துவைத்துச் சித்திரவதை செய்யப்பட்டவன் அடுத்த நாள் காலை என்ன செய்வான் என்பது தொடர் பட்டிருந்த கடன், அதைப் படம் தீர்த்தது. ஆளை மறைக்கும் எட் கேட்பது 1,25,000 டாலர், முன்பு வராமல் போனதற்கு இன்னொரு 1,25,000. ஜெஸ்ஸியிடம் 1,800 டாலர் குறைகிறது. எட் குறைக்கவே மாட்டான். அந்தச் சின்னத் தொகைதான் அவனைத் திரும்பவும் துப்பாக்கிச் சண்டைக்கு இழுக்கிறது. கணக்கை இவ்வளவு கறாராக வைத்திருப்பதால்தான் அந்தத் தப்பிப்பை நம்ப முடிகிறது.

காதலியின் மகன் ப்ராக்குக்கு அவன் எழுதிய கடிதத்தில் என்ன இருந்தது என்று காட்டவில்லை. பையன் உயிரோடு இருக்கிறான், தாய் ஆண்ட்ரியாவை டாட் வாசலில் வைத்துச் சுட்டுவிட்டான். யார் வளர்க்கிறார்கள் என்பது எங்கேயும் இல்லை. அந்தக் கட்டம் காலி.

டிசம்பர் 14

மிச்சம் இருப்பது வால்டின் மகன் ஃப்ளின். வால்ட் 97,20,000 டாலரைப் பழைய தொழில் கூட்டாளிகள் எலியட், கிரெச்சன் வீட்டு மேசையில் அடுக்கிவைத்து, மகனுக்கு 18 வயது ஆகும்போது அறக்கட்டளை மூலம் தங்கள் பணமாகவே கொடுக்கச் சொல்கிறான். மீறினால் கொல்ல ஆள் இருக்கிறது என்று காட்டியது ஜெஸ்ஸியின் நண்பர்கள் பாட்ஜரும் ஸ்கின்னி பீட்டும் அடித்த லேசர் விளக்குகளைத்தான். கொடுத்தார்களா என்பது பின்னால் வந்த எதிலும் இல்லை.

கொடுத்திருப்பார்கள் என்பது என் கட்சி. 15ஆம் பாகத்தில் அவர்கள் டிவியில் உட்கார்ந்து போதை மறுவாழ்வு மையங்களுக்கு 2.8 கோடி டாலர் கொடுத்ததைப் பேசுகிறார்கள். அந்த வரிசையில் வால்டின் குடும்பத்துக்குக் கொடுப்பதும் வெளியில் இயல்பாகவே தெரியும், பயமும் உண்டு. கஷ்டமான கேள்வி, ஃப்ளின் அதை வாங்குவானா என்பதுதான். அதே பாகத்தில் அப்பா ஒரு லட்சம் டாலர் அனுப்புவதாக போனில் சொன்னபோது, செத்துத் தொலையக் கூடாதா என்று கத்தியவன் அவன். அது யார் பணம் என்று ஊகித்தால் தொடமாட்டான். ஸ்கைலர் ஊகிப்பாள், சொல்வாளா என்பதில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

ஞாயிறு மூன்று மணிக்கு, பெட்ஃபோர்ட் பக்கம் வழக்கமான இடம். முதலில் ஃப்ளின் அப்பாவிடம் கத்தும் அந்த போன் காட்சியை இரண்டு தடவை போடுவோம், பிறகு சமையலறையில் ஸ்கைலரும் வால்டும் கடைசியாகப் பேசுவதை. நோட்டை யாராவது மறக்காமல் எடுத்து வாருங்கள், ப்ராக் கட்டத்துக்கும் ஃப்ளின் கட்டத்துக்கும் பென்சில்தான்.