ட்ரெயினிங்லயே 56,100 ரூபாயா? ஆமா, ஆனா...

அக்கா பையன் சென்னை பரங்கிமலைல இருக்குற ஓடிஏ-க்கு, அதாவது ராணுவ ஆபீசர் ஆகுறவங்களுக்கு ட்ரெயினிங் குடுக்குற அகாடமிக்கு செலக்ட் ஆனதுலேர்ந்து சொந்தக்காரங்க எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி "ட்ரெயினிங்லயே சம்பளம் தர்றாங்களாமே, எவ்ளோ?" அப்டின்றதுதான். எஸ்எஸ்பி-ன்ற ஆபீசர் செலக்‌ஷன் இன்டர்வியூல அஞ்சு நாள் எப்படி சல்லடை போட்டு சலிச்சாங்க, மெடிக்கல்ல என்னெல்லாம் பாத்தாங்க, அதெல்லாம் ஒருத்தரும் கேக்கல. சரி, கேட்டதுக்கே பதில் சொல்லிடுவோம்னுதான் இந்த போஸ்ட்.

மாசம் 56,100 ரூபாய். ஏழாவது சம்பள கமிஷன்ல லெவல் 10-ன்னு ஒண்ணு இருக்குல்ல, ஒரு லெப்டினன்ட்டோட ஆரம்ப பேசிக், அதே தொகைதான். ஆனா அது சம்பளம் இல்ல, ஸ்டைஃபண்ட், அதாவது பயிற்சி உதவித்தொகை. முன்னாடி இது 21,000-ஆ இருந்துச்சு, அதாவது ஆறாவது கமிஷன் கணக்குல 15,600-ம் கிரேடு பே 5,400-ம் சேர்த்து. அதோட பாத்தா இப்ப நல்ல தொகைதான், குறை சொல்லல. டிஏ (அகவிலைப்படி) மாதிரி அலவன்ஸ் எல்லாம் மாசாமாசம் சேர்ந்து வராது, தோள்ல ஸ்டார் ஏறி கமிஷன் ஆனப்புறம், அதாவது ஆபீசரா பதவி ஏத்தப்புறம், ட்ரெயினிங் காலத்துக்கு சேர்த்து அரியர்ஸா வரும். எம்எஸ்பி-ன்ற ராணுவ சேவை ஊதியம் 15,500 ஆபீசர் ஆனவங்களுக்குத்தான், ட்ரெயினிங்ல இருக்குற கேடட்டுக்கு கிடையாது. யூட்யூப்ல சில பேர் எல்லாத்தையும் கூட்டி "ட்ரெயினிங்லயே லட்சம்"னு தம்ப்நெயில் போடுறான் பாருங்க, அத நம்பி லோன் கணக்கு போடாதீங்க.

56,100-ம் அப்படியே கைக்கு வராது. மெஸ் பில், இன்ஷூரன்ஸ் ப்ரீமியம், டெய்லர், டோபி, முடிவெட்டுறதுன்னு வரிசையா பிடிப்பாங்க, அதுபோக ஷூ பாலிஷ்லேர்ந்து பிளேடு வரைக்கும் வாங்கிட்டே இருக்கணும். ஆனா செலவு பண்றதுக்கு நேரமும் கெடையாது, வெளிய விடவும் மாட்டாங்க, அதனால மிச்சம் நல்லாவே நிக்குது. போன்ல பேசுறப்ப பையன் "மாமா பணம் இருக்கு, தூங்கத்தான் டைம் இல்ல"ன்றான்.

இதுல நெறைய பேருக்கு தெரியாத விஷயம், இந்த ஸ்டைஃபண்ட் எல்லா கேடட்டுக்கும் கெடையாது. டிகிரி முடிச்சு டேராடூன்ல இருக்குற ஐஎம்ஏ-ன்ற ராணுவ அகாடமிக்கோ ஓடிஏ-க்கோ போறவங்களுக்கு உண்டு. பிளஸ் டூ முடிச்சு புனே பக்கத்துல கடக்வாஸ்லா என்டிஏ-க்கு (முப்படைக்கும் பொதுவான அகாடமி) போற பசங்களுக்கு அந்த மூணு வருஷம் ஒத்த பைசா வராது. தங்கல், சாப்பாடு, யூனிஃபார்ம், புக்ஸ், வைத்தியம் எல்லாம் அரசாங்கம் பாத்துக்கும், டெல்லி ஜேஎன்யு யுனிவர்சிட்டி டிகிரியும் கெடைக்கும், ஆனா கைச்செலவு அப்பா அம்மாதான் குடுக்கணும். மாசம் 3,000 ரூபாய்க்கு மேல போகாதுன்னு நோட்டிஃபிகேஷன்லயே போட்டிருப்பாங்க, வருமானம் கம்மியான குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு, சில மாநிலங்களும் தருது. அமெரிக்காவுல வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி கேடட்டுக்கு, அவங்க புது செகண்ட் லெப்டினன்ட்டோட பேசிக்ல 35 சதவீதம் சட்டப்படி வருது, அதுலயும் யூனிஃபார்ம் லேப்டாப்னு பாதி போயிடும்னாலும் ஒண்ணு வருதுல்ல. நம்ம என்டிஏ பசங்களுக்கும் சின்னதா ஒரு தொகை குடுத்தா என்ன கெட்டுப்போகும்னு எனக்குத் தோணும்.

ஆனா எனக்கு உண்மையிலேயே உறுத்துறது பணம் இல்ல, சர்வீஸ் கணக்கு. முசோரில ட்ரெயினிங் எடுக்குற ஐஏஎஸ் ப்ரொபேஷனருக்கும் அதே லெவல் 10, அதே 56,100-ல தான் ஆரம்பம். ஆனா அவரு சேந்த நாள்லேர்ந்து அரசு ஊழியர், சர்வீஸ் அன்னிக்கே ஓட ஆரம்பிச்சிடும், டிஏ-வும் மாசாமாசம். பரங்கிமலைல விடியக்காலைல மூட்டைய தூக்கிட்டு ஓடுறவனுக்கு அந்த 49 வாரம் கமிஷன்ட் சர்வீஸ்ல சேராது, ட்ரெயினிங் முடிஞ்சு நடக்குற பாசிங் அவுட் அணிவகுப்பு வரைக்கும் அவன் ஆபீசரும் இல்ல ஜவானும் இல்ல. ஓடிஏ-லேர்ந்து போற ஷார்ட் சர்வீஸ்ல (குறுகிய கால பணி) பத்து வருஷம்தான், வேணும்னா இன்னும் நாலு நீட்டிக்கலாம், அந்த கணக்கும் ஸ்டார் ஏறினப்புறம்தான் தொடங்கும்.

அடி கிடி படாம வெளிய வந்துட்டா இதெல்லாம் பெருசா தெரியாது. பாக்சிங்லயோ குதிரையேத்தத்துலயோ தடை தாண்டுற பயிற்சிலயோ முதுகெலும்பு போச்சுன்னா? மெடிக்கல் போர்டு வெளிய அனுப்பிடும், ஆபீசர் ஆகலன்றதால பென்ஷன் இல்ல, எக்ஸ் சர்வீஸ்மேன் அந்தஸ்து இல்ல, எக்ஸ் கிரேஷியான்னு ஒரு கருணைத்தொகை, ஊனம் எவ்ளோன்றத பொறுத்து. 1985-லேர்ந்து இப்படி ஐநூறு பேர் வரைக்கும் வெளிய வந்திருக்காங்கன்னு பேப்பர்ல வந்ததப் பாத்துட்டு 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தானாவே வழக்கு எடுத்துச்சு, பெஞ்சுல நீதிபதிங்க நாகரத்னா அம்மாவும் நம்ம மகாதேவன் ஐயாவும். அந்த மாசமே அரசாங்கம் இவங்களுக்கு இசிஹெச்எஸ்-ன்ற முன்னாள் ராணுவத்தினர் திட்டத்துல வைத்திய வசதி தர்றதா சொல்லிடுச்சு. இருபது வயசுல படுக்கைல விழுந்த பையன் மருந்துக்கு இவ்ளோ வருஷம் காத்திருக்கணும்னா அதுக்கு யாரு பதில் சொல்றது?

அக்காகிட்ட இதெல்லாம் முழுசா சொல்லல, ஏற்கனவே தூக்கம் வராம இருக்கா. மாமாகிட்ட மட்டும் சொல்லி வெச்சிருக்கேன். சேரும்போது கையெழுத்து போடுற பாண்டை (ஒப்பந்தப் பத்திரம்) ரெண்டு தடவ படிங்க, மெடிக்கல் காரணம் இல்லாம பையனா பாதில விட்டுட்டு வந்தா ட்ரெயினிங் செலவ திருப்பிக் கட்டணும். தனியா ஒரு ஆக்சிடென்ட் பாலிசி எடுக்குறதுக்கு முன்னாடி, ராணுவ ட்ரெயினிங்ல அடிபட்டா அது கவர் ஆகுமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, பாதி கம்பெனி அந்த எடத்துலதான் பல்லைக் காட்டும்.