கொப்பியில் இல்லாத காலாண்டு

கொட்டாஞ்சேனையில் எங்கள் சிறிய நிறுவனம் இருக்கிறது. ஏ.சி. பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் கணவரின் வேலை. பில், சம்பளம், வங்கி எல்லாம் என் பொறுப்பு. பதினேழு வருடங்களாக மாத வரவைக் கோடு போட்ட கொப்பியில் கையால் எழுதி வருகிறேன். 2024 நவம்பரில், நாங்கள் ஆறு மாத வற் வரியை, அதாவது பெறுமதி சேர் வரியை, கட்டாமல் விட்டிருக்கிறோம் என்று தெரியவந்தது. தண்டப்பணமும் அதன் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து எப்படி மீண்டோம் என்பதை, இதே இடத்தில் நிற்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த வரிக்கு நாங்கள் புதியவர்கள் அல்ல. வரவு ஓர் எல்லையைத் தாண்டினால் அதற்குப் பதிவு செய்ய வேண்டும். 2019 வரை பதிவிலிருந்தோம், ஒழுங்காகக் கட்டினோம். 2020 ஜனவரியில் பதிவு எல்லை வருடத்துக்கு 300 மில்லியன் ரூபாவாக உயர்ந்தபோது பதிவை நீக்கிக்கொண்டோம். 2022 ஒக்டோபரில் எல்லை 80 மில்லியனாக இறங்கியது. 2024 ஜனவரியில் 60 மில்லியனானது, வரியும் 18 சதவீதமானது. இவற்றையெல்லாம் நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். 2024 ஜனவரிப் பக்கத்தின் மேல் மூலையில் பென்சிலால் "60 மில்லியன் – வருடம்" என்று எழுதி வட்டமிட்டிருக்கிறேன். மாதம் முடியும்போதெல்லாம் கடைசிப் பன்னிரண்டு மாதங்களையும் கூட்டி அதன் கீழே குறித்திருக்கிறேன். 60ஐ அது ஒருமுறையும் தொடவில்லை.

நான் பார்க்காதது காலாண்டை. 2024இல் வருடத்தில் 60 மில்லியனைத் தாண்டினால் மட்டுமல்ல, ஏதாவது ஒரு காலாண்டில் 15 மில்லியனைத் தாண்டினாலும் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. 2024 ஜனவரி முதல் மார்ச் வரையான எங்கள் வரவு 17 மில்லியனுக்குச் சற்று மேல். வெயில் கொளுத்திய அந்த மாதங்களில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வேலை முழுவதும் எங்களுக்குக் கிடைத்திருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதிலிருந்து கம்பிரசரின் விலையும் காஸின் விலையும் எங்கேயோ போய்விட்டன. நாங்கள் செய்த வேலை அதே அளவுதான், பில்லின் தொகைதான் பெருத்தது. எல்லை கீழே இறங்க, எங்கள் தொகை மேலே ஏற, இரண்டும் சந்தித்த இடம் என் கண்ணில் படவில்லை.

ஒரு வாடிக்கையாளர் விலைமனுப் படிவத்தில் வற் இலக்கம் கேட்டதால்தான் விடயம் வெளியே வந்தது. எங்களுக்குத் தேவையில்லை என்று ஒரு கடிதம் எழுதித் தரும்படி, அப்போதுதான் சேர்ந்திருந்த கணக்காளரிடம் கேட்டேன். அவர் கொப்பியை வாங்கி, மூன்று மாதங்களைக் கல்குலேட்டரில் கூட்டி, எதுவும் பேசாமல் என் பக்கம் திருப்பினார். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை குளிர்ந்துவிட்டது.

தண்டப்பணம் எப்படி ஏறுகிறது என்பதை அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஒரு மாத வரி அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு இலட்சம் ரூபா வரி அன்று போகவில்லை என்றால் 10 சதவீதம், அதாவது 10,000 ரூபா உடனே சேரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் 2,000 ரூபா. வரித் தொகைக்குச் சமமாகும் வரை அது ஏறலாம்.

"அக்கா, வரியைக் குறைக்கச் சொல்லி வாயே திறக்காதீர்கள். அது கொடுக்க வேண்டிய பணம். தண்டப்பணத்தைப் பற்றி மட்டும் கேட்போம். அதைக் குறைக்கவும் விலக்கவும் உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது" என்றார். இவ்வளவு கட்ட வேண்டும் என்று திணைக்களமே கணித்து அனுப்பும் மதிப்பீட்டு அறிவித்தல் கைக்கு வந்தால் 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும், அங்கும் சரிவராவிட்டால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு வரை போகலாம். ஆனால் அறிவித்தல் வரும் முன்பே நாமாகப் போய் நிற்பதுதான் நல்லது என்பது அவர் கருத்து. அந்தச் சொல்லைக் கேட்டதுதான் எங்களைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன்.

பதிவு செய்தோம், பிந்திய விபரத்திரட்டுகளை, அதாவது வரிக் கணக்குப் படிவங்களை, சமர்ப்பித்தோம். வாடிக்கையாளர்களிடம் வாங்காத வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. சிலரிடம் பிறகு கேட்டேன், இருவர் மட்டும் தந்தார்கள். இரண்டு வான்களில் ஒன்றை விற்றோம். வரியின் கடைசித் தொகையை 2025 ஜனவரியில் கட்டி முடித்த பிறகுதான் தண்டப்பணத்தை விலக்கக் கேட்டுக் கடிதம் எழுதினேன். தமிழிலேயே எழுதினேன். என் மனதில் உள்ளதை வேறு மொழியில் அவ்வளவு சரியாக என்னால் சொல்ல முடியாது.

நல்லெண்ணத்தோடு இருந்தோம் என்று யாரும் எழுதலாம். அதனால் கடிதத்தில் அந்தச் சொல்லைக் குறைத்துக் கடதாசிகளைச் சேர்த்தேன். 2020இல் பதிவை நீக்கிய கடிதம் இருந்தது. 17 மில்லியனைத் தாண்டிய அந்தக் காலாண்டு அடங்கிய வருடத்து வருமான வரி விபரத்திரட்டு இருந்தது. மறைத்திருந்தால் அங்கும் குறைத்துத்தான் காட்டியிருப்போம், ஆனால் கொப்பியில் உள்ள அதே வரவுதான் அதிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியமானவை அந்த ஆறு மாத பில்கள். அவற்றில் எதிலும் வற் என்று ஒரு சதமும் வாங்கப்படவில்லை. வரியை வாங்கி வைத்துக்கொண்டு கட்டாமல் விடுவது ஒன்று, வாங்கவே வேண்டும் என்று தெரியாமல் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள் என்று கணக்காளர் சொல்லியிருந்தார்.

பெப்ரவரியில் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தைக்கு அழைத்தார்கள். கொப்பியின் பிரதி போதாது, மூலத்தையே கொண்டுவாருங்கள் என்றார்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் மாடியில், என் வயதை ஒத்த ஓர் உத்தியோகத்தர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பென்சில் வட்டத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இதை எப்போது எழுதினீர்கள்?"

"அந்த ஜனவரியில்தான், ஐயா. கீழே ஒவ்வொரு மாதமும் கூட்டியிருக்கிறேன்."

அவர் கீழே இறங்கி ஒவ்வொரு கூட்டலையும் பார்த்தார். மையின் நிறம் மாதத்துக்கு மாதம் மாறியிருந்தது. ஏப்ரலில் ஏதோ கறை, தேநீராக இருக்க வேண்டும். "காலாண்டை ஏன் கூட்டவில்லை?" என்று கேட்டார். "தெரியாது, ஐயா. அது என் பிழை" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. குரல் உடைந்துவிடுமோ என்று பயந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் பதில் வந்தது. எங்களுக்குத் தெரியவருவதற்கு முன் ஏறிய தண்டப்பணத்தை விலக்கியிருந்தார்கள். நவம்பரில் தெரிந்த பிறகு, பணம் திரட்டுவதற்காக நாங்கள் எடுத்துக்கொண்ட வாரங்களுக்கானதை விலக்கவில்லை. என் கணவருக்கு அதில் சிறிது வருத்தம். எனக்கு அது சரியான தீர்ப்பாகவே பட்டது. தெரிந்த நாளிலிருந்து அந்தக் கடன் எங்களுடையதுதானே.

அடுத்த நாள் காலை வங்கிக்குப் போய் மீதித் தண்டப்பணத்தைக் கட்டினேன். பற்றுச்சீட்டை 2024 ஜனவரிப் பக்கத்தில், பென்சில் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.