"தெளிந்த பிறகு அழைத்து வாருங்கள்"

தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முதியோர் உதவித்தொகையிலிருந்து படகு மானியம் வரை ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பி, பின் அடித்துக் கொடுப்பவள் நான்தான். அப்படிப்பட்ட நானே என் அண்ணனுக்கு ஒரு புறநோயாளிச் சீட்டு வாங்க முடியாமல் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாவது முறை 108 வண்டியில் போய் இறங்கினோம். அப்போது சீட்டு உடனே கிடைத்தது.

அண்ணன் விசைப்படகில் வேலை பார்க்கிறான். கடலுக்குப் போகிற நாட்களில் ஓரளவு அடங்கியிருந்த குடி, ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் கரை புரண்டது. 61 நாள் படகு கரையில், ஆளும் கரையில். மதுக்கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது, ஆனால் விடியற்காலையில் கூடுதல் விலைக்கு விற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. மே மாதம் ஒரு காலை, வலை தைக்க உட்கார்ந்தவனால் ஊசியில் நூல் சுற்ற முடியவில்லை. இரண்டு கையும் நடுங்கின. எழுந்து போய் வந்தான். பத்து நிமிடத்தில் நடுக்கம் நின்று ஊசி சரசரவென்று ஓடியது. குடித்தால் நிற்கிற நடுக்கம் எவ்வளவு ஆபத்தான அறிகுறி என்பது எனக்கு அன்று தெரியாது.

அதற்கு முன்பே அம்மா ஒரு வேலை செய்திருந்தார். பேருந்து நிறுத்தச் சுவரில் "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று போன் நம்பரோடு ஒட்டியிருக்கும் நோட்டீஸை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1,500 ரூபாய்க்குப் பொடி வாங்கி, மீன் குழம்பில் கலந்து கொடுத்துவிட்டார். அன்று இரவு அண்ணனுக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி நிற்கவில்லை. பொடியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பின்னால் மருத்துவரிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையை நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாதாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். தெரியாமல் கொடுக்கும் பொடி எதையும் வாங்காதீர்கள்.

சரி, மருத்துவமனைக்கு வருகிறேன். பெயரை எழுதப்போவதில்லை. முதல் முறை போனது ஒரு வியாழக்கிழமை. மனநல மருத்துவர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார் என்று சீட்டுக் கொடுக்குமிடத்தில் சொன்னார்கள். பஸ் டிக்கெட்டும், மதினியின் அரை நாள் கருவாட்டு வேலையும் போயின. புறப்படும் முன் போன் செய்து, எந்தக் கிழமை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த செவ்வாய் போனோம். காலையில் குடித்தால்தான் பஸ்ஸில் உட்கார முடியும் என்று அண்ணன் கொஞ்சம் குடித்திருந்தான். கவுண்டரில் இருந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"ஏம்மா, குடித்துவிட்டு வந்தால் சீட்டுப் போட மாட்டோம். தெளிந்த பிறகு அழைத்து வாருங்கள்."

"சார், குடிக்குத்தானே வைத்தியம் பார்க்க வந்திருக்கிறோம்?"

"அடுத்த ஆள்."

பல்வலிக்காரனிடம் வலி நின்ற பிறகு வா என்று சொல்வார்களா என்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்குத் தோன்றியது. தோன்ற வேண்டிய நேரத்தில் எதுவும் தோன்றுவதில்லை. நான் செய்திருக்க வேண்டியது இதுதான்: கவுண்டரை விட்டு நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "இவர் தினமும் குடிப்பவர், நிறுத்தினால் நடுங்குகிறார்" என்று பணியிலிருக்கும் மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அங்கே கிழமைக் கணக்கு கிடையாது.

நாங்களோ அந்த ஊழியர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். அடுத்த ஞாயிறு இரவோடு குடி நிறுத்தம். அண்ணனை அறையில் வைத்து வெளியே தாழ் போட்டோம். அவனும் ஒத்துக்கொண்டான், பாவம். திங்கள் முழுக்க வேர்வை, வாந்தி, தூக்கமில்லை. "கெட்டது எல்லாம் வெளியே போகிறது" என்று அம்மா ரசம் வைத்துக் கொடுத்தார். செவ்வாய் காலை பாம்பன் பாலம் தாண்டி, மண்டபம் தாண்டி, உச்சிப்புளி நெருங்கும்போது, என் தோளில் சாய்ந்திருந்தவன் மரக்கட்டைபோல் விறைத்தான். வலிப்பு. கண் மேலே செருகி, வாயில் நுரை. யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், இன்னொருவர் பல்லுக்கிடையில் ஸ்பூன் வைக்க வந்தார். நடத்துநர்தான் எல்லோரையும் விலக்கி, அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குப் போன் செய்தார். அவர் செய்ததுதான் சரி; இரும்பும் வேண்டாம், வாயில் எதையும் வைக்கவும் வேண்டாம்.

"திடீரென்று நிறுத்தச் சொன்னது யார்?" இதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. நான் கவுண்டர் இருந்த பக்கம் பார்த்தேன், பதில் சொல்லவில்லை.

அவர் விளக்கியதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பாரமான வலையை இழுக்கும் படகில் இன்ஜினை முழு வேகத்தில் வைத்திருப்பார்கள். வலைக்கயிறு அறுந்தால் படகு முன்னால் பாயும். தினமும் மது மூளையை அழுத்த அழுத்த, மூளை அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. மதுவை ஒரே நாளில் எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் குறையாமல் அப்படியே இருக்கிறது. வலிப்பு வருவதானால் பெரும்பாலும் கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வருமாம். எங்களுக்கு ஏறத்தாழ 36 மணி நேரம். தினமும் அதிகமாகக் குடிப்பவரை, அதிலும் காலையில் கை நடுங்குபவரை, வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தாதீர்கள். மாலை போடுவதற்காக நிறுத்தினாலும், கோயிலில் கயிறு கட்டி நிறுத்தினாலும், மாதா முன்னால் சத்தியம் செய்து நிறுத்தினாலும் உடம்புக்கு எல்லாம் ஒன்றுதான்.

வார்டில் குளோர்டயசெபாக்சைடு மாத்திரையை முதலில் அதிகமாகக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்தார்கள். கூடவே பி1 வைட்டமின் ஊசி. குடிகாரர் மயங்கினால் ஊரில் முதலில் ஏற்றுவது குளுக்கோஸ் பாட்டில்தானே? பி1 இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம் என்று செவிலியர் சொன்னார். உள்ளூர் கிளினிக்கில் பாட்டில் மாட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

இனி எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தேன். புதன் இரவு அண்ணன் எழுந்து உட்கார்ந்து போர்வையை இழுக்க ஆரம்பித்தான். கைக்குக் கை மாற்றி, சீராக, நனைந்த வலையை இழுப்பதுபோல். இழுத்ததை மடியில் வளையம் வளையமாகச் சுருட்டினான். "விளக்கைப் போடு, நேவிக்காரன் வருகிறான்" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். பக்கத்துக் கட்டிலில் தொங்கிய சலைன் குழாயை நங்கூரக் கயிறு என்று அவிழ்க்கப் போனான். அம்மா பேய் என்று அழுதார். செவிலியர் நிதானமாக விளக்கைப் போட்டார். "இது ஆஸ்பத்திரி. இன்று புதன்கிழமை. இவர் உங்கள் தங்கை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு மருத்துவரைக் கூப்பிட ஓடினார். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும் இந்தப் பிதற்றல்தான் வலிப்பைவிட மோசமாம். வீட்டில் வந்திருந்தால் அவன் நேராகக் கடலுக்குள் நடந்திருப்பான். வெள்ளிக்கிழமை காலை கண் விழித்து டீ கேட்டான். எதுவும் நினைவில்லை.

இதற்கிடையில் காகிதக் கதை. காப்பீட்டுக்கு ஆதார் அசல் கேட்டார்கள். அசல் படகில், பிளாஸ்டிக் கவருக்குள், உப்புத் தண்ணீரில் ஊறி முகமே இல்லாமல் இருந்தது. இணையத்தில் எடுக்கலாம் என்றால் ஓடிபி வரவேண்டிய போனை அண்ணன் ஏப்ரலிலேயே விற்றுக் குடித்துவிட்டான். கைரேகை வைக்க நோயாளி வர வேண்டும்; நோயாளியோ வலை இழுத்துக்கொண்டிருக்கிறான். இதையே தொழிலாகச் செய்கிற எனக்கே இந்த நிலை. வீட்டில் யாராவது குடிப்பவர் இருந்தால், அவருடைய ஆதாருடன் உங்கள் நம்பரை இன்றே இணைத்து வையுங்கள்.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருந்தார். அந்தக் கவுண்டர் முன்னால் நின்றவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

வார்டிலிருந்து அனுப்பும் முன் சொந்தக்காரர் ஒருவர் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தின் நம்பரைக் கொடுத்தார். போன் செய்தேன். "நாங்களே நான்கு பேர் வண்டியோடு வந்து தூக்கிக்கொள்கிறோம். மூன்று மாதம் யாரும் பார்க்க வரக்கூடாது." எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வந்தது. இந்தக் கடற்கரையில்தானே, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள்? 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் குடிநோய்க்கும் பொருந்தும். எந்த வகையிலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது அது. பதிவுச் சான்று இருக்கிறதா, மருத்துவர் எத்தனை நாள் வருவார் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள். போதை மீட்பு உதவி எண் 14446க்கும் மனநல உதவி எண் 14416க்கும் பேசினேன். தமிழில் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

பிறகு அண்ணன் தானே கையெழுத்திட்டு டைசல்ஃபிராம் சாப்பிட ஒத்துக்கொண்டான். தினமும் காலை மதினி கொடுப்பார். மது கலந்த இருமல் மருந்தும் முகச்சவரத்துக்குப் பின் தடவும் லோஷனும்கூட ஆகாது. மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை உடம்பில் அதன் வேலை இருக்கும் என்று சொல்லியே அனுப்பினார்கள். ஜூலையில் ஐந்து நாள் மாத்திரையை விட்டுவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைத்து பீர் குடித்தான். முகம் மிளகாய்ப் பழமாகி, மறுபடியும் 108. மருத்துவர் திட்டவில்லை. அடுத்த தேதி எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்தச் சீட்டு மடிந்து கிழிய ஆரம்பித்ததால், போன வாரம் கடையில் அதை லேமினேஷன் செய்தேன். இனி எந்த அலையும் ஒன்றும் செய்ய முடியாது என்று பெருமையாகக் கொண்டுபோய்க் கவுண்டரில் நீட்டினேன். அதே ஊழியர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதன்மேல் எப்படி எழுதுவது? புதுச் சீட்டு வாங்கி வாருங்கள்."

அண்ணன் எனக்கு முன்னால் போய் வரிசையில் நின்றுவிட்டான்.