லிபரல் என்ற சொல் முற்றுகைக்குள் பிறந்தது

ஆஸ்திரேலியாவில் லிபரல் கட்சி என்றால் வலதுசாரிக் கட்சி. அமெரிக்காவில் ஒருவரை லிபரல் என்றால் இடதுபக்கம் சாய்ந்தவர் என்று அர்த்தம். பிரான்சில் அதே சொல்லைச் சொன்னால், சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது என்று பேசுகிற ஆள் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தக் குழப்பம் ரொம்ப நாள் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அகராதியைப் பார்த்தேன், அரசியல் பாடநூல்களின் முதல் அத்தியாயங்களைப் பார்த்தேன், எல்லாவற்றிலும் 'தனிமனித சுதந்திரத்தை முதன்மையாகக் கருதும் கோட்பாடு' என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது, அந்த ஒரு வரிக்குள் மேலே சொன்ன மூன்று பேரும் வசதியாக உட்கார்ந்துகொள்ளலாம் என்பதால் அது எதையும் விளக்கவில்லை. அப்புறம்தான் கேள்வியை மாற்றிக் கேட்க ஆரம்பித்தேன்: இந்த ஆட்கள் யாரோடு சண்டை போட்டார்கள்? அப்படிக் கேட்டதும் நிறைய விஷயம் தெளிவாகிவிட்டது.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் நாம் தாராளவாதம் என்கிறோம். பலருக்கு இந்தச் சொல் பிடிக்காது, ஆனால் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் 'லிபரல்' என்பதன் பழைய பொருளே அதுதான். 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அந்தச் சொல்லுக்குக் கட்சி அரசியலோடு சம்பந்தமில்லை. தாராள மனசுக்காரர், அள்ளிக் கொடுப்பவர், அடிமையாக இல்லாத மனிதனுக்குத் தகுந்த கல்வி பெற்றவர், இவ்வளவுதான். அது ஒரு அரசியல் அணியின் பெயராக மாறியது லண்டனிலோ பாரிஸிலோ அல்ல, ஸ்பெயினின் தென்கோடியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் காடிஸ் நகரத்தில்.

வருடம் 1810. நெப்போலியனின் படை ஸ்பெயினின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. மன்னர் ஏழாம் ஃபெர்னாண்டோ பிரான்சில் காவலில் இருக்கிறார், அவருடைய சிம்மாசனத்தில் நெப்போலியனின் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். மிச்சமிருந்த ஒருசில இடங்களில் ஒன்று காடிஸ், அதையும் நிலப்பக்கம் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டிருந்தது. அந்தச் சூழ்நிலையில் பிரதிநிதிகள் செப்டம்பர் 24 அன்று பக்கத்துத் தீவில் ஒரு நாடகக் கொட்டகையில் கூடி, தேசத்தின் இறையாண்மை இங்கே கூடியிருக்கிற எங்களிடம்தான் இருக்கிறது என்று அறிவித்தார்கள். மன்னரின் பெயரால் போர் நடக்கிறது, மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகத்தான் எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள், ஆனாலும் அதிகாரம் அவருடையது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த சில வாரங்களில் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய விவாதம் வந்தது. அதை ஆதரித்தவர்களுக்கு 'லிபரலெஸ்' என்று பெயர் வந்தது, எதிர்த்தவர்களுக்கு 'செர்விலெஸ்', அதாவது அடிமைப் புத்திக்காரர்கள்.

இவர்கள் 1812 மார்ச் 19 அன்று வெளியிட்ட அரசமைப்பில் 384 விதிகள் இருந்தன. அன்று புனித யோசேப்பின் திருநாள், ஸ்பானிய மொழியில் அந்தப் பெயரைச் சுருக்கிப் பெப்பே என்பார்கள், அதனால் சனங்கள் அந்த அரசமைப்பையே 'லா பெப்பா' என்று வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்கள். 1814இல் ஃபெர்னாண்டோ திரும்பி வந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று அதைச் செல்லாததாக்கியது. லிபரல்கள் சிறைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஆனால் சொல் தப்பித்துவிட்டது. இத்தாலியில் 1820இல் நேப்பிள்ஸிலும் 1821இல் பியட்மாண்டிலும் கிளர்ச்சி செய்தவர்கள் கேட்டது இந்தக் காடிஸ் அரசமைப்பைத்தான்.

சரி, சொல் 1810இல் வந்தது. எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. அதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும், அங்கே எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு நீதிமன்றக் காட்சி.

1680இல், எழுதியவர் செத்து இருபத்தேழு வருடம் கழித்து, ராபர்ட் ஃபில்மரின் புத்தகம் ஒன்று அச்சாகிறது. மன்னரின் அதிகாரம் ஆதாமிடமிருந்து வந்தது, தகப்பனுக்குப் பிள்ளைகள் மேல் இருக்கும் அதிகாரத்தைப் போன்றது, கேள்வி கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்பது அதன் வாதம். இதை மறுத்து ஆல்ஜெர்னான் சிட்னி என்பவர் தன் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். 1683இல் மன்னரைக் கொல்லச் சதி செய்ததாக அவரைக் கைது செய்து, மேசையிலிருந்த காகிதங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ராஜத்துரோகக் குற்றத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது சட்டம். ஒரே ஒரு சாட்சிதான் கிடைத்தார். இரண்டாவது சாட்சியாக அந்தக் கையெழுத்துப் பிரதியையே எடுத்துக்கொண்டார்கள். நீதிபதி ஜெஃப்ரீஸ் அதற்குச் சொன்ன விளக்கம், எழுதுவதும் செயல்தான் என்பது. அச்சேறாத, யாருக்கும் காட்டாத காகிதம்! அந்த டிசம்பரில் சிட்னியின் தலை துண்டிக்கப்பட்டது.

அதே புத்தகத்தை மறுத்து இன்னொருவரும் எழுதிக்கொண்டிருந்தார், தத்துவவாதி ஜான் லாக். அவர் அந்த வருடமே ஹாலந்துக்குத் தப்பிவிட்டார். 1689இல் ஆட்சி மாறி நாடு திரும்பியபின், அரசு பற்றிய தன் இரண்டு ஆய்வுரைகளையும் பெயர் போடாமல்தான் வெளியிட்டார். நெருங்கிய நண்பர்களிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை. அது தன்னுடையதுதான் என்று எழுதிவைத்தது உயிலின் பின்னிணைப்பில், 1704இல். அரசு மக்களின் சம்மதத்தில் நிற்கிறது, மனிதனின் உயிர், சுதந்திரம், உடைமை இவற்றைக் காக்கத்தான் அரசே இருக்கிறது என்கிற வரிகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிட்னியின் மேசை ஞாபகம் வரும். சும்மா யோசித்து வந்த கோட்பாடு இல்லை இது. நள்ளிரவில் யாரும் வந்து காகிதத்தை அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்கிற கோரிக்கை.

ஆனால் யாருடைய காகிதம்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் லிபரல்களின் வரலாற்றை எழுதுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. மதச் சகிப்புத்தன்மைக்காக அவ்வளவு நன்றாக வாதாடிய லாக், நாத்திகர்களுக்கு அது கிடையாது என்றார், அவர்களின் சத்தியத்தை நம்ப முடியாதாம். அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் பங்கு வைத்திருந்தார். காடிஸ் அரசமைப்பு கத்தோலிக்கம் தவிர வேறு மதத்தை அனுமதிக்கவில்லை, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குச் சாதாரணமாகக் குடியுரிமை தரவில்லை. பாரிஸில் 1791இல் பெண்ணின் உரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் டி கூஜ் இரண்டு வருடம் கழித்து கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவியில் செத்தார். 1859இல் சுதந்திரம் பற்றிய மிகச் சிறந்த வாதங்களை எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில், அதற்கு முந்தைய வருடம்வரை 35 வருடம் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 'பின்தங்கிய' சமூகங்களுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது என்று அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் காலம் அப்படி என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியாது, ஏனென்றால் அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி யோசித்தவர்கள் இருந்தார்கள், அவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மற்ற இசங்களும் இதே சண்டையில்தான் பிறந்தன. இடது, வலது என்பது 1789இல் பிரெஞ்சு தேசிய மன்றத்தில் மன்னருக்கு வீட்டோ அதிகாரம், அதாவது மன்றத்தின் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம், வேண்டுமா என்ற விவாதத்தின்போது ஏற்பட்ட இருக்கை ஏற்பாடு, வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கம் உட்கார்ந்தார்கள். பழமைவாதத்தின் தந்தை என்று சொல்லப்படும் எட்மண்ட் பர்க் அமெரிக்கக் குடியேற்றங்களின் மனக்குறைகளுக்காகப் பேசியவர், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும் என்ற விக் கட்சிக்காரர், 1790இல் பிரெஞ்சுப் புரட்சியைப் பார்த்துப் பயந்துதான் மறுபக்கம் போனார். 'கன்சர்வேட்டிவ்' என்பது அரசியல் பெயராகப் பரவியதற்கு பிரெஞ்சு எழுத்தாளர் ஷதோப்ரியான் 1818இல் தொடங்கிய பத்திரிகையின் தலைப்பு ஒரு முக்கியக் காரணம்.

சோஷலிசத்தின் கதையில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் இடம் 1791 ஜூன். பிரான்சில் மனித உரிமைப் பிரகடனம் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, லு ஷாப்பலியே சட்டம் என்று ஒன்று வருகிறது: தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் வைக்கக் கூடாது, சேர்ந்து கூலி பேசக் கூடாது. காரணம் என்ன தெரியுமா? சுதந்திரம்தான். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் சுதந்திரத்தை சங்கம் கெடுத்துவிடும் என்றார்கள். ஆலை முதலாளியும், நாளைக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லாத ஆளும் சமமாக உட்கார்ந்து ஒப்பந்தம் போடுவார்கள் என்று நம்பச் சொன்னார்கள். பிரான்சில் தொழிற்சங்கங்கள் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது 1884இல். சோஷலிஸ்டுகள் இந்த இடைவெளியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் சுதந்திரத்துக்கு எதிரிகள் என்று சொல்வதைவிட, கொடுத்த வாக்கை நிறைவேற்று என்று வந்து நின்றவர்கள் என்பதே என் கணிப்பு. லிபரல்களிலேயே ஒரு பகுதியினர் பின்னால் அதை ஏற்று, பட்டினி கிடக்கிறவனுக்குச் சுதந்திரம் ஏட்டில்தான் இருக்கிறது என்று சொல்லி, பிரிட்டனில் 1908இல் முதியோர் ஓய்வூதியம் வரை வந்தார்கள். இன்னொரு பகுதி சந்தையோடு நின்றுவிட்டது. ஒரே சொல் நாட்டுக்கு நாடு வேறு அர்த்தத்தில் புழங்குவதற்குக் காரணம் இந்தப் பிரிவுதான்.

வேறு மாதிரி யோசித்தவர்கள் என்று சொன்னேன் அல்லவா? 1647 அக்டோபர், லண்டனுக்குப் பக்கத்தில் புட்னி. உள்நாட்டுப் போரில் மன்னரைத் தோற்கடித்த படைவீரர்கள் தங்கள் தளபதிகளோடு உட்கார்ந்து, யாருக்கு வாக்குரிமை என்று விவாதிக்கிறார்கள். நாட்டில் நிலையான சொத்து இருப்பவனுக்கு மட்டும் என்கிறார் தளபதிகளில் ஒருவரான அயர்டன். இங்கிலாந்தின் பரம ஏழைக்கும் பெரிய சீமானைப் போலவே வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது, சம்மதம் கேட்காத அரசுக்கு அவன் கட்டுப்பட வேண்டியதில்லை என்கிறார் கர்னல் ரெயின்ஸ்பரோ. லாக்கின் புத்தகம் வெளிவருவதற்கு நாற்பது வருடம் முன்னால்! ரெயின்ஸ்பரோ மறுவருடமே கொல்லப்பட்டார். வில்லியம் கிளார்க் என்ற செயலாளர் அந்த விவாதத்தைச் சுருக்கெழுத்தில் குறித்து, பிறகு விரித்து எழுதிவைத்தார். அந்தக் காகிதங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு கல்லூரி நூலகத்தில் தலைமுறை தலைமுறையாக யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1891இல்தான் அச்சுக்கு வந்தன. பிரிட்டனில் சொத்து இல்லாத ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு கிடைக்க 1918 ஆனது. பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாகக் கிடைக்க 1928.