கால் நம்முடையது, ஏறுவது அவர்கள் பெயரில்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை கெம்பஸுக்கு (பல்கலைக்கழகத்துக்கு) எடுபட்டாலும் சரி, ஆஸ்பத்திரியில் கிடந்தவர் எழுந்து நடந்தாலும் சரி, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) முதலில் எழும் பேச்சு, இலங்கை மலையகத்துப் புனித மலையான "சிவனொளிபாதத்துக்கு ஏறிட்டு வரணும்" என்பதுதான். நேர்ந்தவர் அம்மாவாக இருப்பார், அம்மாயியாக இருப்பார். ஆனால் வருசக்கணக்கில் கொழுந்துக்கூடை சுமந்த முதுகும் முழங்காலும் அந்தப் படிகளுக்கு இடம் கொடுப்பதில்லை. ஆகவே மஞ்சள் துணியில் முடிந்த காசு பிள்ளையின் கைக்கு மாறுகிறது. மலை ஏறுவது பிள்ளை, நேர்த்தி அம்மாவுடையது.

இப்படி ஏறுகிறவர்கள் ஒரு தாளில் பெயர்களை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. அம்மா அப்பா பெயர் எப்படியும் நினைவில் இருக்கும். விடுபடுவது மற்றவர்கள்தான்: பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) பால் ஆற்றிக் கொடுத்த ஆயா, டியூஷன் காசு கேட்காமல் கணக்குச் சொல்லிக் கொடுத்த சேர், நடுச்சாமத்தில் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடி வந்த பக்கத்துக் காம்பரா அண்ணன், தன் சீட்டுக்காசைத் தூக்கிக் கொடுத்த அக்கா. மேலே வீசும் குளிர்காற்றில் நம் பெயரே மறந்துபோகும், அதனால்தான் தாள்.

டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி (மே) வரை பருவகாலம். அந்த மாதங்களில்தான் பாதை நெடுக மின்விளக்கு எரியும், கடைகள் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மழை, மூடுபனி, அட்டை. ஹட்டனில் இறங்கி நோர்வூட், மஸ்கெலியா வழியாக மலையடிவாரமான நல்லதண்ணிக்கு பஸ் உண்டு. "கடைசி பஸ் போயிருச்சு" என்று ஸ்டேசன் வாசலிலேயே ஆட்டோக்காரர் சொன்னால் உடனே நம்ப வேண்டாம், பஸ் நிற்கிற இடம் வரை நடந்து பார்த்துவிடுங்கள். வழியில் மவுசாகலை நீர்த்தேக்கம் வரும். பழைய மஸ்கெலியா டவுன் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் தலை காட்டும். ஜன்னலோரம் இருப்பவர்கள் அங்கேயே ஒரு கும்பிடு போட்டுவிடுவார்கள்.

நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர், 5,000க்கு மேற்பட்ட படிகள். உயரம் 2,243 மீட்டர். சாதாரண நாளில் மூன்றரை, நான்கு மணி நேரத்தில் ஏறிவிடலாம். போயாவும் (பௌர்ணமி விடுமுறை) சனி ஞாயிறும் சேர்ந்து வந்தால் கணக்கே கிடையாது. முடிந்தால் செவ்வாய், புதனில் போங்கள்.

எல்லாரும் செய்யும் பிழை, முதல் இரண்டு கிலோமீட்டரை ஓடிக் கடப்பது. அங்கே பாதை சாய்வாகத்தான் போகும், உண்மையான ஏற்றம் பின்பாதியில். சீதகங்குல ஓடையில் முகம், கை, கால் கழுவி, கழுத்தைத் துடைத்துவிட்டு நிதானமாக ஏறத் தொடங்குங்கள். இரண்டாவது பிழை, வியர்த்த சட்டையோடு வரிசையில் நிற்பது. உச்சியில் இடம் சிறியது, அதனால் கடைசி நூற்றுக்கணக்கான படிகளில் கூட்டம் அப்படியே நின்றுவிடும். நடக்கும்வரை உடம்பில் சூடு இருக்கும், நின்றதும் ஈரச்சட்டை ஐஸ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். குளிர் பிடிப்பது அங்கேதான். வரிசைக்கு முந்திய கடையிலேயே உலர்ந்த சட்டையும் குல்லாவும் மாற்றிவிட வேண்டும். பொலித்தீன் பையை அடிவாரத்திலேயே சோதித்து எடுத்துவிடுவார்கள், துணிப்பைதான் சரி.

நெருக்கித் தள்ளிக்கொண்டு போகும் இளசுகளைப் பற்றி என்ன சொல்ல! ஸ்பீக்கரைத் தோளில் போட்டுக்கொண்டு சினிமாப் பாட்டோடு ஏறுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். அதே வரிசையில் ஒரு சிங்கள ஆச்சி "தெருவன் சரணை" (மும்மணிகளே துணை) என்று சொல்லி நம் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த படி வைப்பார். நாம் "அரோகரா" என்போம். அந்த எரிச்சல் அங்கேயே இறங்கிவிடும்.

பாதத்தின் முன் கிடைப்பது சில நொடிதான். துணி போர்த்தியிருக்கும் பாறை, நெற்றி படும் குளிர், பின்னாலிருந்து ஒரு கை நகரச் சொல்லும். நமக்குச் சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபி. அங்கே யாரும் அதைப் பற்றி வாதாடுவதில்லை. கேட்கவென்று சேர்த்து வைத்த வேண்டுதல் ஒன்றும் நாக்குக்கு வராது. கண்ணை மூடினால் கூடையும் இடுப்பில் படங்குத் துணியும் கட்டிய ஒரு உருவம் வந்து நிற்கும். அவ்வளவுதான். கண் நிறைந்துவிடும், அப்பனே, அதற்குள் வெளியே வந்திருப்போம். வெளியே நின்று தாளை எடுத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள், அவசரமில்லை. கற்பூரம் காற்றில் நிற்காது, விளக்கு வைக்கிற இடத்தில் ஒரு திரி போதும். மணியை எத்தனை தடவை ஏறினீர்களோ அத்தனை அடி மட்டும். நூறாவது தடவை வந்தவர் அடிக்கத் தொடங்கினால் சுற்றியிருப்பவர்கள் எண்ணிக்கொண்டே நிற்பார்கள்.

அங்கே குடிக்கும் இஞ்சி பிளேன்டீயை ஒரு நிமிசம் கையில் வைத்துப் பாருங்கள். சீனியும் மாவும் காஸ் சிலிண்டரும் நாம் ஏறிய அதே படிகளில் மனிதத் தோளில் ஏறி வந்தவை. உயரம் கூடக்கூட விலை கூடுவது அதனால்தான், அங்கே நின்று பேரம் பேசுவது பாவம். பாரம் தூக்கி வருபவரைக் கண்டால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி முழு வழியையும் விடுங்கள். அவரை நடுப்படியில் நிறுத்தினால் மூச்சுத் தாளம் உடைந்துவிடும், மறுபடி அடியெடுக்க இரட்டைப் பலம் வேண்டும். 50, 100 ரூபா தாள்களாக மாற்றி வைத்துக்கொண்டால் இறங்கும்போது அவருக்கு ஒரு தேத்தண்ணியும் ரொட்டியும் வாங்கிக் கொடுக்கலாம். பெயர் கேட்டுத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் நோட்டுப் புத்தகத்தை நீட்டி, முன்னால் ஆயிரக்கணக்கில் எழுதிக் காட்டி நன்கொடை கேட்பவர்களைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம், அந்தக் காசு இவருக்குப் போகட்டும்.

விடிந்ததும் மேற்குப் பக்கம் மலையின் நிழல் முக்கோணமாக விழும். அதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இறக்கம்தான் முழங்காலைத் தின்னும். நேரே குதித்து இறங்காமல், கம்பைக் கீழ்ப்படியில் ஊன்றி, படிக்குக் குறுக்கே பாதம் வைத்து இறங்கினால் வலி குறையும்.

வீடு வந்து சேர்ந்ததும் கெண்டைக்கால் கல்லாகிக் கிடக்கும். சுடுதண்ணியில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டு, பேசினில் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார் அம்மா. யார் நேர்த்திக்காக ஏறினோமோ, அதே அம்மாதான். கால் வைக்குமுன் அவர் காலில் விழுந்துவிடுங்கள். ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் பிறகு இரண்டு நாளைக்கு முழங்கால் மடங்காது.